ஆறிய வண்டியை அளந்தவன்

பெங்களூரில் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குள் நான் நுழைந்தபோது, வாசல் காவலாளி என்னை ஏசி ரிப்பேருக்கு வந்தவன் என்று எண்ணிப் பின்பக்கப் படிக்கட்டைக் கைகாட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனிச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் அளவு நாடா. அந்தக் கோலத்தில் வருபவனை ஏசியைத் தவிர வேறு எதைத் தொடவிடுவார்கள்?

"வண்டி பாக்க வந்தேன்" என்றேன். அவர் என்னையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று கதவைத் திறந்தார்.

உள்ளே டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து, ஓர் அமெரிக்க வண்டியின் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரைடர் சீட்ல உக்காந்து பாருங்க சார். எஞ்சின் டார்க் பத்தி அப்பறம் சொல்றேன்."

"ரைடர் சீட்ல நீங்க உக்காருங்க தம்பி. நான் பின்னால ஏறிக்கறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது புரிந்ததும் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறி, கண்களை மூடி, இடது கையால் அவர் தோளைப் பற்றிக்கொண்டேன். என் மனைவி என்னை அப்படித்தான் பற்றுவாள்.

"லேசா பிரேக் புடிச்ச மாதிரி முன்னால சாயுங்க தம்பி."

சாய்ந்தார். நல்ல பிள்ளை. "இப்ப ஒரு ஸ்பீட் பிரேக்கர்" என்றேன். அதற்கு மட்டும் எழுந்து போய் மேனேஜரை அழைத்து வந்துவிட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது பேகர் என்று சொல்லப்படும் வகை வண்டி. பின் சக்கரத்துக்கு இருபுறமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, தாழ்ந்த உடம்பு. நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது என்று சொல்லுவார்கள். ஓட்டுபவனின் இடுப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பின்னால் இருப்பவரின் இடுப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் பார்க்கப் போனது அதை மட்டும்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கால் நரம்புகளில் ஒரு நோய். பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறும் என்றார் டாக்டர். முதலில் வலு குறையும், ஒரு கட்டத்தில் உணர்ச்சியும் போகும். "அது எப்ப டாக்டர்?" என்று கேட்டதற்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வலு குறைய ஆரம்பித்திருந்தது. எங்கள் பழைய சின்ன வண்டியில் மத்திகிரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். எப்படியோ என் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டாள். என் கழுத்து இறுகியது, அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை.

வேலை தேடி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்த நாள் முதலாக எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தளி ரோடு. தளியைத் தாண்டி ஜவளகிரி வரை போய், காட்டோரம் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். அதில் பெரிய காதல் ஒன்றும் இல்லை. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச வராது. வண்டியில் ஏறிவிட்டால் அவள் பேச ஆரம்பிப்பாள். எங்கள் குடும்பத்தின் முக்கியமான முடிவுகள் எல்லாமே அவள் என் முதுகிடம் சொன்னவைதான். மகளை எந்த ஊரில் படிக்க வைப்பது, என் அம்மாவை எப்போது அழைத்து வருவது, நான் மீசையை எடுக்கலாமா கூடாதா, எல்லாம். கார் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவள் ஊர் வந்தால்தான் திறப்பாள். ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். "ஆட்டோக்காரரு முதுகப் பாத்து என்னத்தப் பேச?" என்று கேட்டாள்.

ஆக, முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற சீட்டும், பாதத்தை முழுசாக வைக்கிற பலகையும் உள்ள ஒரு வண்டி வேண்டும். அவள் கால்கள் அவளிடம் இருக்கும்போதே வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு உதிரிபாகக் கம்பெனியின் அளவீட்டு அறையில். மெஷினில் செய்து வரும் பாகங்கள் வரைபடத்தில் இருக்கிற அளவுக்கு இருக்கிறதா, விலகினாலும் அனுமதித்த அளவுக்குள், அதாவது டாலரன்ஸுக்குள், விலகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அந்த அறை எப்போதும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும். இரும்பு சூட்டில் விரியும் என்பதால், மெஷினிலிருந்து சுடச்சுட வரும் பாகத்தை நாங்கள் தொடமாட்டோம். "ஆற வெச்சுக் கொண்டா" என்று துரத்திவிடுவோம். ஆறியதை அளந்தால்தான் அளவு. இதை நான் என் வேலையாக நினைத்ததில்லை, கிட்டத்தட்ட என் மதமாகவே வைத்திருந்தேன்.

எனவே முதலில் மனைவியை அளந்தேன். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து தோள் வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, கால்களை எவ்வளவு அகட்ட முடியும், எவ்வளவு உயரம் தூக்க முடியும்.

"கல்யாண ஜாக்கெட்டு தச்சவன்கூட இம்புட்டு அளக்கல" என்றாள்.

"அவன் ரிஜெக்ட் ஆனா மறுபடி தைப்பான். நான் ரிஜெக்ட் ஆனா ரோட்டுல கெடக்கணும்."

"எனக்கு டாலரன்ஸ் எம்புட்டு போட்டிருக்கீங்க?"

"உனக்கு டாலரன்ஸ் எல்லாம் கெடையாது. என்னைய இத்தன வருசம் சகிச்சதுல தீந்து போச்சு."

ஹாலில் ஒரு டம்மி வண்டியும் செய்தேன். பெஞ்சின் மேல் தலையணை, இருபுறமும் சூட்கேஸ், பாதத்துக்குச் செங்கல், முதுகுக்குப் பரணிலிருந்து இறக்கிய பழைய நாற்காலியின் சாய்மானம். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று, என் தலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டாள். போனில் எஞ்சின் சத்தம் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் டி.வி. பெட்டியைப் பார்த்தபடி ஜவளகிரி போய்க்கொண்டிருந்தோம்.

"எருமைய இடிச்சுராதீங்க" என்றாள் பின்னாலிருந்து.

அன்று அவள் நன்றாகச் சிரித்தாள். இறங்கும்போது இடது காலைத் தூக்க முடியாமல் பெஞ்சின் மேலேயே இருந்துவிட்டாள். நான் தூக்கி இறக்கினேன். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுகொண்டிருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாததுபோல.

ஷோரூம்களில் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பேகரின் பின் சீட் அப்பளம் மாதிரி இருந்தது. சாய்மானம் தனியாக வாங்க வேண்டுமாம். இன்னொரு கடையில் ஜப்பான்காரன் வண்டி. பின் சீட்டைப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட சோபா போலவே இருந்தது, கை வைக்கவும் இடம். ஆனால் அதன் அகலத்துக்குக் கால்களை அவளால் விரிக்க முடியாது. மூன்றாவது வண்டியில் எல்லா அளவும் சரி, பாதப் பலகை மட்டும் இல்லை. கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி. அதில் பாதம் நிற்காது.

என் அறையில் கூட வேலை செய்யும், பேரிகை என்கிற ஊர்க்காரருக்கு இந்த ஒப்பீட்டையெல்லாம் தினமும் டீ நேரத்தில் கேட்க வேண்டிய தலையெழுத்து. ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏன்ணா, இதுக்குப் பதிலா ஒரு எருமைய வாங்கிடேன். அதுவும் இதே வெயிட்டுதான் இருக்கும், சாயங்காலம் பாலாவது கறக்கும்."

"எருமைக்கு முதுகு சாயற சீட்டு இல்லியேப்பா."

அதற்குப் பிறகுதான் அவர் தன் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னார். நிலத்தில் பாதியைத் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டு, மீதியில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர். கையில் பணம் வந்த ஜோரில் ஒரு பேகர் வாங்கினார். மனைவிக்காகப் பின்னால் உயரமான சாய்மானமும் பாதப் பலகையும் தனியாக வரவழைத்து மாட்டினார். அந்த அம்மாள் ஒரே ஒரு முறை ஏறினார். ஊரே வெளியே வந்து பார்க்கிறது என்று வெட்கப்பட்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு வண்டி தார்ப்பாயின் கீழ் மாட்டுக் கொட்டகையில் விலைக்கு நிற்கிறது.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். அவர் நாயைத் தெலுங்கில் அதட்டி, ரோஜா வெட்டுகிற பெண்களிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி, என்னைத் தமிழில் வரவேற்றார். தார்ப்பாயை விலக்கினார். கறுப்பு நிறம், மேலே வைக்கோல் தூசி.

"ஸ்டார்ட் பண்ணட்டா சார்? சத்தத்தைக் கேட்டா மனசு எப்பிடி ஆவுது பாருங்க."

"வேணாங்க" என்றேன் அவசரமாக. "ஆறியே இருக்கட்டும். அளந்துடறேன்."

அளந்தேன். சாய்மானம், சீட்டின் அகலம், பலகையின் நீளம், பெட்டியின் உயரம், ஒவ்வொன்றும் அவளுக்கென்றே வார்த்ததுபோல இருந்தது. மண்ணில் மண்டியிட்டு, கையில் நாடாவோடு, நான் அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவரும் நம்பவில்லை. "கண்ணுல வைக்கோல் விழுந்திச்சா சார்?" என்று கேட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு பேரிகை நண்பரின் காரில் அவளை அழைத்துப் போனோம். வழியெல்லாம் எலுமிச்சம்பழமும் மூடிய கண்ணும்தான். சானமாவு காட்டைக் கடக்கும்போது, யானை நடமாட்டம், வண்டியை நிறுத்தாதீர்கள் என்ற பலகையை நான் வாசித்துச் சொன்னேன். "யானை வந்தாலும் கண்ணத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

நாங்கள் போனபோது வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. "நல்லா சூடாவட்டும்னு அப்பவே போட்டு விட்டேன் சார்" என்றார் தோட்டக்காரர். அவளிடம், "மெல்ல அக்கா, மெல்ல" என்று சொல்லி, பால் கேன் வைக்கும் மேடை அருகே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன், அவள் மேடையில் ஏறினாள். டம்மியில் பழகிய மாதிரியே என் தலையைப் பிடித்தாள். கால் போனது. சாய்மானத்தில் சாய்ந்தாள். பின்னால் திரும்பிக் குனிந்து அவள் இரண்டு பாதங்களையும் நானே பலகையில் எடுத்து வைத்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"மகாராணிக்கு யானை மேல அம்பாரி வச்ச மாரி இருக்கு. பாகனத்தான் மாத்தணும்."

கிளம்பினோம். பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. இவ்வளவு கனமான வண்டியை நான் ஓட்டியதில்லை. வண்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனது, நான் மரியாதைக்கு ஹேண்டிலைப் பிடித்திருந்தேன். மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் இடது தோளில் அவள் கை அழுத்தியது. பேச ஆரம்பித்தாள்.

என்னென்னவோ பேசினாள். கோஸுத் தோட்டத்தைப் பார்க்கச் சொன்னாள். மகளுக்கு இப்போதைக்குக் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம், அவளே சொல்லட்டும் என்றாள். பெங்களூர் டாக்டர் நல்லவர்தான், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார் என்றாள். "இதுல போனா ஜவளகிரியத் தாண்டியும் போவலாம் போலயே" என்றாள். "தாண்டுனா கர்நாடகாடி" என்றேன். "போவட்டுமே. அங்க மட்டும் டீ கெடைக்காதா?"

இரண்டு வேகத்தடைகள் வந்தன. இரண்டிலும் அவள் சாயவில்லை. நான் அளந்த சாய்மானம் அவளைத் தாங்கிக்கொண்டது. எனக்குள் ஒருவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து மேடையருகே நிறுத்தியதும் ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது.

"கிளச்சா சார்? அமுக்கியே ஓட்டிட்டீங்களா?" என்று கேட்டார் உரிமையாளர்.

"கிளச் இப்பிடி நாறாதுண்ணா" என்றார் நண்பர். "ஒயரு எங்கியாச்சும் உருகுதா பாருங்க."

மூன்று ஆம்பளைகளும் வண்டியைச் சுற்றிக் குனிந்து மோந்து பார்த்தோம். நான் வலது பக்கம் எஞ்சினருகே மூக்கை வைத்தேன். நண்பர் பின் சக்கரத்தை மோந்தார். அவள் மேலே உட்கார்ந்துகொண்டு, "நாயி மூணு, கம்பம் ஒண்ணு" என்று சிரித்தாள்.

பின்பு நான் பார்த்தேன். அவள் வலது பாதம் பலகையில் இல்லை. எப்போதோ நழுவி, உட்புறமாகத் தொங்கி, சைலன்சரில் சாய்ந்திருந்தது. செருப்பின் ஓரம் உருகிக் கறுப்பாகக் குழாயில் ஒட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஓர் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்து சுருண்டிருந்தது.

காலைப் பிடித்து விலக்கினேன். "வலிக்கலயா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எது?" என்றாள்.

நான் கையால் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். வலு குறைந்திருந்தது இடது கால். வலது காலைத்தான் நாங்கள் நல்ல கால் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பசுமைக்குடிலுக்குத் தண்ணீர் விடும் குழாயை இழுத்து வந்து அந்த மனிதர் காலில் தண்ணீரைப் பாய்ச்சினார். "நாந்தான் சூடு பண்ணி வெச்சேன், நாந்தான் சூடு பண்ணி வெச்சேன்" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் புலம்பினார். அவர் செய்தது சரி. எந்த வண்டியும் ஓடினால் சூடாகும். ஓசூரில் ஒரு குளிர்ந்த அறையில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்த ஒருத்தனுக்கு மட்டும்தான் அது தோன்றாமல் போயிற்று. சைலன்சருக்கும் பலகைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று அளந்திருந்தேன். சைலன்சர் சுடுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. சுட்டால் அவளுக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இந்த அளவு தீக்காயத்துக்கு ஊரையே கூட்டுவார்கள், இந்த அம்மா பேசாமல் இருக்கிறாரே என்று நர்ஸ் மெச்சிக்கொண்டார். "எங்க ஊரு மண்ணு அப்பிடி" என்றாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் கண்களை மூடிக்கொண்டு, "தொட்டுப் பாருங்க. எது வரைக்கும் தெரியுதுன்னு பாத்துருவோம்" என்றாள்.

பால்பாயிண்ட் பேனாவின் மூடியை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ய விரும்பாத அளவீடு அது ஒன்றுதான். வலது காலின் சுண்டுவிரலில் வைத்தேன். "ம்" என்றாள். உள்ளங்காலில் வைத்தேன். "ம்". கட்டுக்கு மேலே வைத்தேன். "ம், தெரியுது".

எனக்கு உயிர் வந்தது. மறு காலுக்குப் போக, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நிமிர்ந்தேன். எங்கேயும் தொடவில்லை.

"ம்" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் பேனா மூடியை அந்தரத்திலேயே பிடித்திருந்தேன். அவள் மறுபடியும் "ம்" என்றாள், இன்னும் தைரியமாக. இருபது வருஷத்துக்கு மேலாகப் பொய் சொல்லுகிற அளவுகோல்களைக் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்திருக்கிறேன்.

"கரெக்ட்டு" என்றேன். "முழங்கால் வரைக்கும் எல்லாம் தெரியுது உனக்கு."

"நாந்தான் சொன்னேன்ல" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

போன் அடித்தது. பேரிகை ரோஜாத் தோட்டக்காரர். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, வண்டியைப் பார்க்க நாளைக்கு வேறு ஒருவர் வருகிறார், ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தி வைக்கிறேன், எவ்வளவு நாள் ஆனாலும் சரி என்றார். அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"அண்ணே, வண்டி அருமைண்ணே. குறையே சொல்ல முடியாது" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஓட்ட வரல. ஒரு வளைவு திரும்புறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. இவர நம்பி எப்பிடி ஏறுவேன், சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார்.

"ஆமாண்ணே, கை நடுங்குது. வயசாச்சுல்ல" என்றேன் நானும், போனுக்குக் கேட்கும்படி உரக்க.

"கேட்டீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு. வேற ஆளுக்குக் குடுத்துருங்கண்ணே. நல்லா ஓட்டுற ஆளாப் பாத்துக் குடுங்க."

போனை வைத்துவிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க வேண்டும் என்றாள். உடம்பு திரும்பிவிட்டது. கால்கள் இரண்டும் பழைய இடத்திலேயே கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் திரும்பிய பக்கம் நான் வைத்தேன்.

"வச்சாச்சா?" என்று கேட்டாள்.